லிப்டன் துரை: கடைப் பையனிலிருந்து கப்பல் பந்தயம் வரை

(தோட்ட வாலிபர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பி ஒரு கேள்வி கேட்டார். ஹப்புத்தளை தம்பேதன்ன மலை உச்சியில் லிப்டன் சீட் என்ற இடத்தில் ஒரு துரை சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, கையில தேத்தண்ணிக் கோப்பையோட, அவர்தானா இந்த நாட்டுக்குத் தேயிலையைக் கொண்டு வந்தவர் என்று. நல்ல கேள்வி. அதைப் பற்றியே இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லி விடுகிறேன். அவர் கொண்டு வரவில்லை. 1867ஆம் ஆண்டு கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு, அதை ஒரு தொழிலாகச் செய்து காட்டியவர் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். 1873இல் அவர் லண்டனுக்கு அனுப்பியது வெறும் 23 இறாத்தல் தேயிலை. லிப்டன் வந்தது 1890இல். அதற்கு முன்னமே மலைநாட்டில் தேயிலை நன்றாகப் பரவி விட்டது. டெய்லர் 1892இல் இறந்தார். அவர் பெயர் உலகத்துக்குத் தெரியாது. லிப்டன் பெயர் தெரியாத ஊர் இல்லை. ஏன் அப்படி? அந்தக் கதைதான் இன்றைய பேச்சு.

தோமஸ் லிப்டன் 1848இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். பெற்றோர் அயர்லாந்துக்காரர்கள். அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்த காலத்தில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். நம்ம பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டில் பஞ்சம் தாங்காமல் இங்கே வந்தது மாதிரித்தான். கோர்பல்ஸ் என்று கிளாஸ்கோவில் ஒரு ஏழை வட்டாரம். நெருக்கமான வீடுகள், ஒரு வீட்டுக்குள் பல குடும்பம். லயத்தில் இருப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. அங்கே அப்பாவும் அம்மாவும் ஒரு சின்னக் கடை வைத்தார்கள். பன்றி இறைச்சி, வெண்ணெய், முட்டை, இவ்வளவுதான் சாமான்.

அந்தக் கடையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முட்டை விற்கும்போது அப்பா கொடுக்க வேண்டாம், அம்மாவே எடுத்துக் கொடுக்கட்டும் என்று பையன் சொன்னானாம். அம்மாவுக்குச் சின்னக் கை. அதில் வைத்தால் முட்டை பெரிசாத் தெரியும்! இது தந்திரம்தான், நான் மெச்சச் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதிலேயே வாங்குகிறவர் கண்ணால் ஒரு சாமானைப் பார்க்க அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனார். ஒரு காகிதக் கடையில் எடுபிடி வேலை, வாரம் இரண்டரை ஷில்லிங் சம்பளம். (ஒரு பவுணுக்கு அந்தக் காலத்தில் 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்.) பிறகு சட்டைக் கம்பனியில் துணி வெட்டும் வேலை. 1864இல் கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் இடையில் ஓடுகிற நீராவிக் கப்பலில் பையனாகச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒன்று சொல்லிக் கொள்ள வேண்டும். லிப்டன் பத்துப் பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போய்ப் பணக்காரர் ஆனார் என்று நம்ம பிள்ளையையும் கொழும்புக் கடைக்கு அனுப்பலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அவரோடு வேலைக்குப் போன ஆயிரமாயிரம் கிளாஸ்கோப் பையன்கள் பையன்களாகவே இருந்து முடிந்தார்கள். அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம்ம நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். தரகர் வந்து லயத்து வாசலில் நின்று முற்பணம் நீட்டினாலும் பிள்ளையை விடாதீங்க. 16 தாண்டிய பிள்ளை போகிறதென்றால் நியமனக் கடிதம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், தங்குமிட முகவரி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வாங்கத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

கப்பலில் மற்ற ஊர்க் கதைகளைக் கேட்டுக் கேட்டு அமெரிக்க ஆசை வந்து விட்டது. பதினேழு வயது இருக்கும். சேர்த்து வைத்த காசுக்குக் கப்பலில் மலிவான அடித்தட்டு இடம் ஒன்றை வாங்கிக் கொண்டு நியூயோர்க் போய் இறங்கினார். கையில் ஒன்றுமில்லை. துறைமுகத்தில் தங்குவிடுதிக்காரர்கள் ஆள் பிடிக்க நின்றார்கள். இவர் ஒருவரிடம் போய், உங்கள் விடுதிக்கு ஒரு டசின் ஆள் கூட்டி வருகிறேன், எனக்குக் கொஞ்ச நாள் சும்மா சாப்பாடும் இடமும் தருவீர்களா என்று கேட்டாராம். கூட வந்த பயணிகளைப் பேசிச் சேர்த்தும் விட்டார்.

அமெரிக்காவில் ஐந்து வருடம் சுற்றினார். வெர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் கூலி. தென் கரோலினாவில் நெல் தோட்டத்தில் கணக்கு வேலை. நியூ ஒர்லியன்ஸில் வீடு வீடாகச் சாமான் விற்பது. நியூ ஜேர்ஸியில் பண்ணை வேலை. கடைசியில் நியூயோர்க்கில் ஒரு பெரிய கடையின் மளிகைப் பகுதியில் உதவியாளர். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது 1865இல். அதாவது நேற்று வரை அடிமைகள் வேலை செய்த தோட்டங்களில், வெயிலிலும் சேற்றிலும் இவரும் நின்றிருக்கிறார். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அந்த நியூயோர்க் கடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். சாமானைத் துடைத்து அடுக்கி வைப்பது, வெளிச்சம் போடுவது, வருகிறவரை மரியாதையாகப் பேசி உபசரிப்பது, பத்திரிகையில் விளம்பரம் போடுவது எல்லாம் அங்கே பார்த்துக் கொண்டார். 1870 அளவில் வீடு திரும்பினார். அம்மாவுக்கு என்ன கொண்டு வந்தார் தெரியுமா? ஒரு பீப்பாய் மாவும், ஒரு ஆடுகதிரையும். வண்டியில் இரண்டையும் எல்லாருக்கும் தெரியும்படி வைத்து, தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி வந்து இறங்கினாராம். சவூதிக்குப் போய் வருகிற நம்ம பிள்ளைகள் டீவிப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு லயத்து ரோட்டில் வருவது ஞாபகம் வருகிறது இல்லையா? ஆனால் மிச்சக் காசை அவர் தொடவில்லை. அதைக் கொண்டு 1871இல் கிளாஸ்கோ ஸ்டொப்குரோஸ் வீதியில் சொந்தக் கடை திறந்தார். 23 வயது. அவரே துடைப்பார், அவரே விற்பார், ராத்திரி கவுண்டருக்குக் கீழேயே படுத்துக் கொள்வார்.

அவர் வியாபாரத்தில் செய்த முக்கியமான காரியம் ஒன்றுதான். நடுவில் நிற்கிற ஆட்களை வெட்டி விட்டார். அயர்லாந்து விவசாயியிடம் நேரே போய் வெண்ணெயும் முட்டையும் வாங்கினார், கைக்காசு கொடுத்தார், கடையில் மலிவாக விற்றார், கடன் கொடுக்கவில்லை. ஏழைகள்தான் அவருடைய வாடிக்கைக்காரர்கள். அரை இறாத்தல் வாங்குகிறவருக்கும் அதே வணக்கம்.

விளம்பரம் செய்வதில் அவர் ஒரு கூத்தாடிதான். கொழுத்த பன்றி இரண்டைக் கழுவி, ரிப்பன் கட்டி, ‘லிப்டனின் அநாதைகள்’ என்று பலகை மாட்டித் தினமும் வேறு வேறு தெருவால் கடைக்கு ஓட்டிப் போகச் செய்தார். பின்னால் பிள்ளைகள் கூட்டம், வண்டிப் போக்குவரத்து நின்று விடும். கடை வாசலில் இரண்டு கண்ணாடி. உள்ளே போகும்போது பார்த்தால் ஆள் ஓணான் மாதிரி மெலிந்து தெரியும், வெளியே வரும்போது மற்றக் கண்ணாடியில் பூசணிக்காய் மாதிரித் தெரியும். 1877இல் பவுண் நோட்டு மாதிரியே விளம்பரத் தாள் அச்சடித்தார். அதைச் சிலர் உண்மை நோட்டென்று மாற்றி, வழக்கு வரைக்கும் போய் விட்டது. 1881 நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து யானை மாதிரி ஒரு பாலாடைக்கட்டியை இறக்கி, அதற்குள் தங்கப் பவுண்களைச் செருகி வைத்து வெட்டி விற்றார். ஜனங்கள் அடித்துப் பிடித்துக் கொண்டு வாங்கினார்கள். தங்கத்தை யாரும் விழுங்கி விடுவார்கள் என்று பொலிஸ் எச்சரிக்க, அந்த எச்சரிக்கையையும் அவர் விளம்பரமாகப் போட்டு விட்டார் என்று சொல்லப்படுகிறது. 1888 அளவில் 300 கடைகள்.

இப்போதுதான் தேயிலை வருகிறது.

1889இல் தாயார் காலமானார். மறு வருடம் தகப்பன். அவர் கல்யாணம் கட்டவில்லை, கடைசி வரை கட்டவே இல்லை. அம்மாதான் அவருக்கு எல்லாம். அந்த 1890இல் அவுஸ்திரேலியாவுக்கு ஓய்வுக்குப் போவதாகச் சொல்லிக் கப்பல் ஏறியவர் கொழும்பில் இறங்கி விட்டார். இங்கே கோப்பிக்கு 1869இல் இலைநோய் வந்து, பத்துப் பதினைந்து வருடத்தில் துரைமார் பலர் கடனில் மூழ்கி விட்டிருந்தார்கள். தோட்டங்கள் அறாவிலைக்குக் கிடந்தன. லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்ன இஸ்டோர் அந்தக் காலத்தில் கட்டியதுதான், இன்றைக்கும் நிற்கிறது. அப்போது ஹப்புத்தளைக்கு ரயில் கூட இல்லை, அது 1893இல்தான் வந்தது.

இங்கிலாந்தில் அந்த நாளில் ஒரு இறாத்தல் தேயிலை மூன்று ஷில்லிங் வரையில் விற்றது. லிப்டன் 1 ஷில்லிங் 7 பென்ஸுக்குக் கொடுத்தார். அதுவரை தேயிலை பெட்டியில் திறந்து கிடக்கும், கடைக்காரர் அள்ளி நிறுத்துக் கொடுப்பார். தூசியும் கலப்படமும் கூட வரும். லிப்டன் ஒரு இறாத்தல், அரை, கால் என்று பக்கற்றில் அடைத்து, மேலே நிறையையும் தன் பெயரையும் அடித்தார். ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு என்பதால் லண்டனுக்கு ஒரு கலவை, கிளாஸ்கோவுக்கு ஒரு கலவை. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவருடைய சுலோகம். பக்கற்றிலும் விளம்பரத்திலும் கூடை சுமந்து கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண்ணின் படம்.

அந்தப் படத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பேன். நம்ம பாட்டிமாரின் முகம் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் போனது. அவர்கள் பெயர் போகவில்லை. சுலோகமும் முழு உண்மை இல்லை. லிப்டன் விற்ற தேயிலையில் அவருடைய சொந்த மலையில் பறித்தது சிறு பங்குதான். மிச்சம் எல்லாம் ஏலத்தில் மற்றத் தோட்டங்களின் தேயிலையை வாங்கிக் கலந்தது. ஆனால் சனங்கள் லிப்டன் தோட்டத்திலிருந்தே வருகிறது என்று நம்பினார்கள். நம்பிக்கைக்குத்தான் விலை.

இப்போது முன்பு சொன்னதற்கு வருகிறேன். புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு நின்ற மனிதர் தோட்ட முதலாளி ஆன பிறகு என்ன செய்தார்? தன் மலைகளுக்கு நல்ல இயந்திரங்கள் போட்டார், மலை உச்சியிலிருந்து கொழுந்து மூட்டையைக் கம்பியில் இறக்குவது போன்ற வசதிகளை ஆதரித்தார். அதனால் சுமை குறைந்திருக்கும், ஒப்புக் கொள்கிறேன். ஆனால் ஆட்களின் நிலை மற்றத் தோட்டங்களில் எப்படியோ அப்படித்தான். கங்காணி முறை, முற்பணக் கடன், துண்டு முறை. கடன் தீர்ந்தது என்று துண்டு கிடைக்காமல் ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. அந்த முறை ஒழிந்தது 1921இல். ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் வந்தது 1927இல். அதன்படி முதலில் நிர்ணயித்த நாட்சம்பளம் மேட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இந்த இரண்டையும் கொண்டு வந்தது எந்தத் துரையின் தர்மமும் இல்லை. இந்தியாவிலும் இங்கேயும் எழுந்த எதிர்ப்பும் சட்டமும்தான். அயர்லாந்து விவசாயிக்கும் தனக்கும் நடுவில் நின்ற தரகரை வெட்டிய லிப்டன், தனக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்ற கங்காணியை வெட்டவில்லை. என் மனதில் இது ஒரு குறைதான். இதைச் சொல்வதற்காக யாரும் என்னைக் கோபிக்க வேண்டாம்.

தர்மம் செய்யாதவரும் இல்லை. 1897இல் விக்டோரியா மகாராணியின் 60ஆம் ஆண்டு விழாவுக்கு லண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்க 25,000 பவுண் கொடுத்தார். மறு வருடம் ‘சேர்’ பட்டம். அதே 1898இல் கம்பனியைப் பங்குக் கம்பனியாக்கினார், மூலதனம் 25 இலட்சம் பவுண். பங்கு வாங்க வங்கி வாசலில் அடிபிடி. முதலாம் உலக யுத்தத்தில் தன் உல்லாசக் கப்பலில் வைத்தியர்களையும் தாதிகளையும் மருந்தையும் ஏற்றி, விஷக்காய்ச்சல் பரவிக் கிடந்த சேர்பியாவுக்குத் தானே போனார்.

கப்பல் என்றதும் அவருடைய பெரிய பைத்தியத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்கா கோப்பை என்று பாய்க்கப்பல் ஓட்டப் பந்தயம் ஒன்று உண்டு. அதை ஜெயிக்க வேண்டுமென்று ‘ஷாம்ரொக்’ என்ற பெயரிலேயே ஐந்து கப்பல் கட்டினார். ஷாம்ரொக் என்பது அயர்லாந்தின் மூவிலைச் செடி. 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து தரம் போட்டியிட்டார். ஐந்து தரமும் தோல்வி. 1920இல் முதல் இரண்டு ஓட்டமும் வென்று, இன்னும் ஒன்று வென்றால் போதும் என்ற இடத்தில் மூன்றையும் தொடர்ந்து கோட்டை விட்டார். முகம் சுளிக்காமல் வென்றவர் கையைக் குலுக்கி விட்டு வருவார். அமெரிக்கர்களுக்கு அவரை அவ்வளவு பிடித்து விட்டது. 1930 தோல்விக்குப் பிறகு சாதாரண ஜனங்கள் ஆளுக்கு ஒரு டொலர் போட்டு, அவருக்கென்று ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 82. அமெரிக்காவில் தேயிலை நன்றாக விற்றது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்! ஆனால் இங்கிலாந்தில் பெரிய மனிதர்களின் கப்பல் சங்கம் இந்த மளிகைக் கடைக்காரரைச் சேர்த்துக் கொண்டது அவர் சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1931இல். அரசர் கூடச் சிநேகம், ஆனால் சங்கத்துக்கு அவர் கடைக்காரர். சாதி பார்ப்பது நம்ம ஊரில் மட்டும் இல்லை.

வாலிபர்களுக்காக ஒரு பந்தாட்டக் கதையும் சொல்கிறேன். 1909இல் இத்தாலியில் டியூரின் நகரில் லிப்டன் பெயரில் ஒரு சர்வதேசக் கால்பந்துக் கோப்பை நடந்தது. உலகக் கிண்ணம் தொடங்குவதற்கு 21 வருடம் முன்பு. இங்கிலாந்திலிருந்து போனது வெஸ்ட் ஓக்லண்ட் என்ற சின்ன ஊர் அணி. பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள், சம்பளத்தை இழந்து போனவர்கள். ஜெயித்து விட்டார்கள்! 1911இல் மறுபடி போய் இறுதி ஆட்டத்தில் பெரிய அணியான யுவென்டஸை 6க்கு 1 என்று அடித்து, கோப்பையைச் சொந்தமாக்கிக் கொண்டு வந்தார்கள். போய் வந்த செலவில் சங்கம் கடனாளியாகி, அந்தக் கோப்பையையே ஊர் ஹோட்டல்காரம்மாவிடம் 40 பவுணுக்கு ஈடு வைத்தார்கள். மீட்க 1960 வரை ஆனது, 100 பவுண் கொடுத்து மீட்டார்கள். 1994இல் அதைத் திருடன் கொண்டு போய் விட்டான். இப்போது இருப்பது மாதிரிக் கோப்பை. நம்ம அணிக்குப் போன வருடம் ஜேர்ஸி வாங்கிய கடன் இன்னும் இருக்கிறது என்று செயலாளர் தம்பி தலையைச் சொறிகிறார். தனியாக இல்லை தம்பி.

லிப்டனின் கடைசிக் காலம் வியாபாரத்தில் நன்றாக இருக்கவில்லை. 1914இல் இராணுவக் கன்டீன் ஒப்பந்தத்துக்கு லஞ்சம் கொடுத்ததாக அவருடைய கம்பனி உத்தியோகத்தர்களும் படை அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். அவர் மேல் வழக்கு இல்லை, பெயர் கெட்டது. பங்குக்காரர்கள் முணுமுணுக்க, 1927இல் தலைவர் பதவியை விட்டார். 1931 ஒக்டோபர் 2ஆம் திகதி காலமானார். கிளாஸ்கோவில் அதே ஏழை வட்டாரத்து மயானத்தில், தாய் தகப்பன் பக்கத்தில் புதைத்தார்கள். சொத்தில் பெரும்பகுதி அந்த நகரத்து ஏழைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் போனது.

தோட்டங்கள் 1975இல் அரசாங்கத்துக்கு வந்தன, 1992இலிருந்து நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம். லிப்டன் என்ற பெயர் மட்டும் வேறு பாதையில் போனது. யுனிலீவர் கம்பனி அதைப் படிப்படியாக வாங்கி, 2022இல் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை 450 கோடி யூரோ விலைக்கு விற்றது. அதில் இருந்த பெரிய பெயர் லிப்டன்தான். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தத் தூளைக் கலந்து, அடைத்து, பெயர் அடிக்கிற இடத்தில்தான் காசு நிற்கிறது என்று 1890இல் கண்டுபிடித்தவர் அந்த மனிதர். நம்ம பிள்ளைகளில் யாராவது ஏ.எல். வரை படித்து அந்தப் பக்கம், தேயிலை சுவை பார்க்கும் வேலை, பொதி செய்தல், ஏற்றுமதி என்று போக விரும்பினால், அதற்கான படிப்புகளின் விபரத்தை விசாரித்துத் தர நான் தயார். விண்ணப்பம் நிரப்ப ஞாயிறு காலையில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு வாருங்கள்.

லிப்டன் சீட்டுக்குச் சுற்றுலா போவது பற்றிச் சங்கம் முடிவு எடுக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் பனிமூட்டம் ஏறி விடும், ஒன்றும் தெரியாது, ஆகவே விடிய முன்பே வான் புறப்பட வேண்டும். நாளைக்குப் பெரட்டு இருக்கிறது, இத்தோடு நிறுத்திக் கொள்கிறேன்.